நாலு கை மாஸ்டரும் மிச்சம் ஆறு புள்ளியும்

போன சனிக்கிழமை. அச்சுவேலிச் சந்தை. கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்... பின்னால் ஒரு குரல்.

"நீங்கள்தானோ அந்த நாலு கை மாஸ்டர்?"

திரும்பினேன். முன்பின் தெரியாத மனிதர். என் இரண்டு கைகளையும் மேலும் கீழும் பார்த்தார். மற்ற இரண்டும் சேர்ட்டுக்குள் இருக்குமோ என்ற சந்தேகம் முகத்தில் தெரிந்தது.

"ஓம், நான்தான்" என்றேன். வேறென்ன சொல்ல?

இருபது வருடமாகச் சரித்திரம் படிப்பிக்கிறேன். கிழமை தவறாமல் இந்தப் பத்தி எழுதுகிறேன். இரண்டாலும் கிடைக்காத புகழ், இல்லாத இரண்டு கைகளால் கிடைத்திருக்கிறது. எப்படி என்று சொல்லத்தான் வேண்டும்.

என் மனைவி சரோவின் தங்கை வசந்தி புத்தூரில் எங்களோடுதான் இருந்தாள். விஞ்ஞான ரீச்சர். சண்டைக்கு முந்தி, கரண்ட் இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போய் மூன்று மாதம் கொம்பியூட்டர் படித்தவள். கனடாவில் இருக்கிற அவள் தம்பிக்கு அது மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது. கொழும்பிலிருந்து கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வந்த ஒருவரிடம் அக்காவுக்கென்று ஒரு கொம்பியூட்டர் விளையாட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டான். ஒரு சதுர டிஸ்க். ஒரு தடித்த புத்தகம்.

கொம்பியூட்டர்? இல்லை. கரண்ட்? வாசகர்கள் சிரிக்கக் கூடாது.

டிஸ்க்கைச் சரோ தண்ணீர்ச் செம்புக்கு மூடியாக்கினாள். அளவு சரியாக இருந்ததாம். புத்தகத்தை வசந்தி இரண்டே நாளில் படித்து முடித்தாள். மூன்றாம் நாள் வந்து சொன்னாள்:

"அத்தான், கொம்பியூட்டர் செய்யிற வேலையை நான் செய்யிறன். நீங்கள் விளையாடுங்கோ."

அன்றிலிருந்து ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வீட்டு மாமரத்தின் கீழ் கொம்பியூட்டர் விளையாட்டு. கொம்பியூட்டர்: வசந்தி. பகடை: ஆறு சோழி. விளையாடுபவர்கள்: நான், சரோ, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபாலதிபர் பொன்னம்பலம் அண்ணை.

கதை இதுதான்: பெரிய அழிவு ஒன்று வந்துபோன பிறகு ஓர் உலகம். முதல் பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள்: 'கற்பனை செய்து பாருங்கள்... மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, டெலிபோன் இல்லை!' நாங்கள் கற்பனை செய்யாமலே அடுத்த பக்கத்துக்குப் போனோம்.

அந்த உலகத்தில் சாதாரண உடம்போடு சீவிக்க முடியாதாம். ஆகையால் ஒவ்வொருவரும் வசந்தி எழுதித் தருகிற படிவத்தில் தமக்கென்று ஓர் ஆளை உருவாக்க வேண்டும். நாற்பது புள்ளி தருவார்கள். பலம், புத்தி, பொறுமை, அதிர்ஷ்டம் என்று நாலாகப் பிரிக்க வேண்டும். பிறகு உடம்பில் ஒரு மாற்றம் எடுக்கலாம்.

நான் நாலு கை எடுத்தேன். இரண்டு சைக்கிள் ஹாண்டிலுக்கு, ஒன்று குடைக்கு, ஒன்று சரோ தருகிற பைகளுக்கு. புள்ளியில் பாதியைப் பலத்தில் கொட்டினேன். விளைவு? புத்தி மூன்று. முதல் நாளே 'உள்ளே வராதே' என்று எழுதியிருந்த கதவை நாலு கையாலும் உடைத்து உள்ளே போய் மாட்டிக்கொண்டேன். பொன்னம்பலம் அண்ணை மீனைப் போலச் செவுள் எடுத்தார். "கிளாலியைத் தண்ணிக்குள்ளாலையே கடந்திடலாம் பாருங்கோ" என்றார். சரோ இருட்டில் கண் தெரிவதை எடுத்தாள். மண்ணெண்ணெய் மிச்சமாம்.

இந்த இடத்தில்தான் சிக்கல். ஒரு மாற்றம் எடுத்தால் ஒரு குறைபாடும் எழுத வேண்டும். அது சட்டம். கையும் செவுளும் தேர்ந்தெடுக்கப் பாய்ந்து விழுந்தவர்கள் குறைபாடு என்றதும் வானத்தைப் பார்த்தோம். எனக்கு என்ன குறை? நெடுநேரம் யோசித்து 'அளவுக்கு மீறி நல்லவன்' என்று எழுதினேன். வசந்தி சிவப்புப் பேனையால் வெட்டினாள். சரோ யோசிக்கவே இல்லை. 'கணவன்' என்று எழுதினாள். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

சிரித்தோம். ஆனால் வசந்தி அந்தச் சட்டத்தை ஏன் அவ்வளவு இறுக்கிப் பிடித்தாள் என்று எனக்குத் தெரியும்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. சாதகக் குறிப்பில் செவ்வாய்க் குற்றம். செவ்வாய் உள்ளவளுக்குச் செவ்வாய் உள்ளவனைத்தான் பார்க்க வேண்டும். அப்படித் தேடிப் பிடித்து ஏழு சம்பந்தம் வந்து ஏழும் போயிற்று. புரோக்கர் சின்னத்துரை ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டைத்தான் படிப்பார்: குடி இல்லை, சிகரெட் இல்லை, கோபம் இல்லை, ஒரு குறையும் இல்லை.

"ஏழு பேரும் குறையில்லாத ஆக்கள் அத்தான்" என்றாள் ஒருநாள். "குறையே இல்லாத ஆளோடை ஆயுள் முழுக்க என்னத்தைக் கதைக்கிறது?"

எட்டாவதாக வந்தவர் அச்சுவேலியில் எஞ்சின் திருத்துகிற ஞானசேகரம். இறைப்பு மெஷின்களை மண்ணெண்ணெயில் ஓடவைப்பதில் பேர் எடுத்தவர். செவ்வாய் உண்டு. வழக்கம்போல் ஒரு குறையும் இல்லை. வசந்தி தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "இதுதான் கடைசி. இதுவும் சரிவராட்டில் இனி இந்த வீட்டுக்கு ஒருத்தற்றை குறிப்பும் வரக் கூடாது." சரோ அன்று சமைக்கும்போதெல்லாம் அழுதாள். வெங்காயம் என்று என்னிடம் பொய் சொன்னாள்.

வசந்தியின் குறிப்பின் பிரதி ஒன்றைப் புரோக்கரிடம் கொடுக்கும் பொறுப்பு எனக்கு. அது பிஸ்கட் ரின்னுக்குள் இருந்தது. கடதாசித் தட்டுப்பாட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நீங்கள் இப்போது படிக்கிற இந்தப் பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில்தான் வருகிறது! வீட்டில் உள்ள நல்ல கடதாசியெல்லாம் அந்த ஒரே ரின்னுக்குள். நானும் எடுத்தேன், கொடுத்தேன், வேலை முடிந்தது என்று வந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் புரோக்கர் ஒட்டிய கவர் ஒன்றைக் கொண்டுவந்தார். "மாப்பிள்ளை நிரப்பித் தந்தவர்" என்றார்.

எதை நிரப்பினார்?

பிரித்தோம். வசந்தியின் அச்சடித்தது போன்ற கையெழுத்தில், 'ஆள் விபரப் படிவம்'. எங்கள் விளையாட்டுப் படிவம்! நிரப்பாத படிவம் ஒன்று குறிப்போடு சேர்ந்து மடிந்து போயிருக்கிறது.

"நாலு கை இருந்தும் ஒரு கடதாசியை ஒழுங்கா எடுக்கத் தெரியேல்லை, பாருங்கோ" என்றாள் சரோ.

மனிதரைக் குறை சொல்ல முடியுமா? நிவாரணத்துக்குப் படிவம். மண்ணெண்ணெய்க்குப் படிவம். பிரயாணத்துக்குப் படிவம். எல்லாவற்றுக்கும் நிரப்பிப் பழகிய சனம் நாங்கள். பெண்ணுக்கும் ஒரு படிவம் வந்தால் யார் சந்தேகப்படுவார்? அதுவும் ரீச்சர் வீட்டிலிருந்து!

வசந்தி வாசித்தாள். நான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

பலம் 12. புத்தி 9. பொறுமை 10. அதிர்ஷ்டம் 3. படிவம் கேட்டது நாற்பது; கூட்டினால் முப்பத்துநாலு. அடியில் சின்னதாக ஒரு குறிப்பு: 'மிச்சம் ஆறு புள்ளி என்னிடம் இல்லை.'

உடலில் உள்ள மாற்றம்: 'வலது காது மந்தம். எஞ்சின் சத்தத்தால் வந்தது. நாலு வருடம்.'

மாற்றத்தால் உண்டாகும் நன்மை: 'வலப்பக்கம் நின்று யார் ஏசினாலும் கேட்காது.'

குறைபாடு, ஒன்றாவது எழுதாவிட்டால் படிவம் ஏற்கப்படமாட்டாது: 'கோபம் வந்தால் கதைக்க மாட்டேன். இரண்டு நாள். மூன்றாம் நாள் நானே வந்து கதைப்பேன்.'

கொண்டுவரும் கருவி: 'அப்பாவின் ஸ்பானர் செற்.'

யாருடைய குழுவில் சேர விருப்பம்: 'இந்தப் படிவத்தைத் தயாரித்தவருடைய.'

"காது கேளாதோ!" சரோ நெஞ்சில் கை வைத்தாள். "ஒளிச்சிருக்கினம் பாருங்கோ! புரோக்கர் ஒரு வார்த்தை சொன்னவரோ? வேண்டாம். இது வேண்டாம்."

புரோக்கர் அவசரமாக எழும்பினார். "அது காதுக் குறும்பி அடைப்பு பிள்ளை. எண்ணெய் விட்டாச் சரி. தாய்க்காரிக்கு இது தெரியாது, தெரிஞ்சா என்னைக் கொன்றுபோடுவா... உந்தக் கடதாசியை இஞ்சை தாங்கோ!"

வசந்தி கொடுக்கவில்லை. இரண்டாம் முறையும் வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அத்தான், இது விளையாட்டு எண்டு அவருக்குத் தெரியாதோ?"

"தெரியாது."

"அப்ப எழுதினது எல்லாம் உண்மை."

அதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... ஏழு சம்பந்தமும் போன பிறகு அந்தச் சிரிப்பை நான் எங்கள் வீட்டில் கண்டதில்லை. ஆனால் அடுத்த நிமிடமே முகம் மாறிவிட்டது.

"தெரியவந்தா அவமானப்படுவார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து பகிடி பண்ணினம் எண்டு நினைப்பார். வேறை ஆரும் சொல்லமுன்னம் நீங்களே போய் அவருக்குச் சொல்லவேணும். சொன்ன பிறகும் அவர் அதே ஆளெண்டால் எனக்கு ஓம். இல்லையெண்டால் அக்கா, நீ அழாதை."

போகும்போது மடித்த கடதாசி ஒன்றைத் தந்தாள். அவள் நிரப்பிய படிவம். மனிதர் கோபிக்காவிட்டால் மட்டும் கொடுக்க வேண்டுமாம். வழியில் பிரித்துப் பார்க்கவில்லை. (பார்த்தேன். நான்தான் அளவுக்கு மீறி நல்லவன் என்று நிரூபிக்க முடியாதவன் ஆயிற்றே!)

சைக்கிளை எடுத்தேன். புத்தூரிலிருந்து அச்சுவேலி அப்படியொன்றும் தூரமில்லை. அன்று முடியவே இல்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் கையைவிட்டுக் குழப்பியவன் நான். மனிதர் முறுக்கிக்கொண்டால்? இரண்டு நாளில் தீருகிற கோபமா இது?

பட்டறையில் ஞானசேகரம் எஞ்சின் ஒன்றுக்குள் தலையை விட்டபடி இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று முழுவதையும் கொட்டித் தீர்த்தேன். விளையாட்டு, படிவம், பிழை, மன்னிப்பு... எல்லாம். சரித்திரம் படிப்பிக்கும்போதுகூட நான் அவ்வளவு உருகிக் கதைத்ததில்லை.

பதில் இல்லை. ஐயோ, கோபம்! இரண்டு நாள் கதைக்க மாட்டாரே!

மனிதர் நிமிர்ந்து, கையைத் துடைத்து, திரும்பினார். முகம் மலர்ந்தது.

"அட மாஸ்டர்! எப்ப வந்தனீங்கள்?"

நான் வலப்பக்கம் நின்றிருக்கிறேன்!

இடப்பக்கம் போய் முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை உருக்கம் வரவில்லை. பட்டறையில் நின்ற நாலைந்து பேரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். ஞானசேகரத்தின் முகம் சிவந்தது. ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"அப்ப... உங்கடை ஆளுக்கு என்ன மாற்றம் மாஸ்டர்?"

"நாலு கை."

சிரித்தாரே ஒரு சிரிப்பு! பட்டறையே சேர்ந்து சிரித்தது (சந்தைவரை என் பேர் போனது அங்கிருந்துதான்). "இந்த வேலைக்கு எனக்கெல்லோ அது வேணும்!"

"தம்பி, நீங்கள் விரும்பினால் படிவத்தை மாத்தி எழுதலாம்..." என்று இழுத்தேன். "அது வெறும் விளையாட்டுத்தானே."

சிரிப்பை நிறுத்தினார். "இல்லை மாஸ்டர். காதைப் பற்றி அம்மாவுக்கே நான் சொன்னதில்லை. கேட்டது உங்கடை ரீச்சர் ஒராள்தான். எழுதினது எழுதினபடி இருக்கட்டும்."

வசந்தியின் படிவத்தைக் கொடுத்தேன். பலம் 6. புத்தி 14. பொறுமை 5. அதிர்ஷ்டம் 9, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'போன கிழமைவரை 2'. குறைபாடு: 'பிழையைக் கண்டால் சிவப்புப் பேனை எடுக்காமல் இருக்க முடியாது.' மொத்தம் முப்பத்துநாலு. அடியில் ஒரு வரி: 'மிச்சம் ஆறு புள்ளியையும் உங்களுக்குத் தருகிறேன்.'

வாசித்தார். மடித்துச் சேர்ட் பொக்கற்றில் வைத்தார். எண்ணெய்க் கறை படக்கூடாதென்று வெளியே எடுத்து, மறுபடியும் ஒரு துணியில் சுற்றி வைத்தார். சைக்கிளில் ஏறினேன். புத்தூர் அன்று பக்கத்திலேயே வந்து நின்றது.

கலியாணம் போன மாதம் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது. தாய்க்குக் காது விஷயத்தை மகனே சொன்னாராம். "அதுதானோ நான் கூப்பிடுறது உனக்குக் கேக்கிறேல்லை!" என்று அந்த அம்மா ஆறுதல் பட்டாராம். சரோவுக்கு மட்டும் கடைசிவரை அரைமனம்.

தாலி கட்டும்வரை பெண் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் இருப்பதுதானே எங்கள் வழக்கம்? வசந்தி குனிந்த தலையோடு ஏதோ கேட்டாள். மாப்பிள்ளை நேரே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருமுறை கேட்டாள். அசைவே இல்லை. சரோ என் கையை நுள்ளினாள். "பாத்தீங்களோ... பாத்தீங்களோ..."

கெட்டிமேளம். தாலி ஏறியது. ஐயர் பெண்ணை எழுப்பி இடப்பக்கம் கொண்டுபோய் இருத்தினார். வசந்தி மூன்றாம் முறையும் கேட்டாள். இப்போது எங்களுக்கும் கேட்டது.

"ஆறு புள்ளியும் கிடைச்சுதோ?"

மாப்பிள்ளை சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். சபையைப் பற்றிய கவலையே இல்லாமல் சொன்னார்:

"ஓம். இப்ப சரியா நாப்பது."

சரோ அழுதாள். வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை. நானும்தான்... ஏன் மறைக்க?

இப்போது ஞாயிறு பின்னேரங்களில் மாமரத்தின் கீழ் ஐந்து பேர். எல்லாருடைய படிவமும் பூரணம், என்னுடையதைத் தவிர. குறைபாட்டுப் பகுதி இன்னமும் வெறுமைதான். சரோ தானே நிரப்பித் தருவதாகச் சொல்கிறாள்... கடதாசிதான் போதாதாம்.