கல்லுக்குப் பயந்த கார்

அந்தக் காரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இரண்டே இரண்டு இருக்கை, இரண்டு கதவு, நிலத்தோடு நிலமாகப் படுத்துக் கிடக்கிற ஒரு சாமான். வெள்ளைக்காரர் பந்தயம் ஓடுவதற்கென்று செய்த கார் அது. மலைநாட்டில் ஒரு தோட்டத்துத் துரை ஊருக்குத் திரும்பிப் போகும்போது விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அது கைமாறிக் கைமாறி வவுனியாவில் ஒரு கராச்சின் பின்பக்கம் வந்து சேர்ந்து, கோழி முட்டையிட்டு அடைகாக்கும் நிலையில் கிடந்தபோது என் கணவரின் கண்ணில் பட்டுவிட்டது. அக்கராயனில் வயல் செய்துகொண்டு கிளிநொச்சியில் நெல் களஞ்சியத்தில் கணக்கெழுதப் போகிற மனிதருக்குப் பந்தயக் கார்! ஊர் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"காரெண்டு வாங்கினா குடும்பம் ஏறிப் போகவேணும். இதில நான் எங்க இருக்கிறது, பொனற்றுக்கு மேலயோ?" என்று கேட்டேன்.

"இது உமக்கு வாங்கேல்லை. பிள்ளைக்கு" என்றார்.

எங்களுக்கு ஒரே மகள். சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து வலது கால் சூம்பிப் போய்விட்டது. எங்கள் குடியேற்றத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. கிளிநொச்சிக்குப் போக வேண்டும். பஸ் அதற்கு மனம் வந்தால் வரும். சைக்கிள் பாரில் இருத்திக் கொண்டுபோனால் அந்தக் கிரவல் ரோட்டுக் குலுக்கலில் இடுப்பு நோவெடுத்து, பின்னேரம் காய்ச்சலோடு திரும்பி வருவாள். வயலில் இறங்க முடியாத பிள்ளை படித்துத்தான் சீவிக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே கதை. அதுவும் ஏதோ ஒரு படிப்பல்ல, பல்கலைக்கழகம் வரைக்கும். ஜீப், வான் எல்லாம் பார்த்திருக்கிறார். அவற்றில் ஏற யாராவது அவளைத் தூக்க வேண்டும். இந்தக் கார் பதிந்து கிடந்ததால், கதவைத் திறந்தால் அவளே குந்தி உள்ளே சறுக்கி இருந்துவிடுவாள். ஊன்றுகோலைப் பக்கத்தில் சரித்து வைத்துவிட்டு, "அப்பா, போவம்" என்பாள். இதை அவர் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை. முதல்நாள் நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகும் அந்தக் காரைத் திட்டுவதை மட்டும் நான் நிறுத்தவில்லை.

முதல் மாரியிலேயே கார் அழத் தொடங்கிவிட்டது. வழவழத்த ரோட்டுக்குப் பிறந்த உடம்பு அது. எங்கள் ரோட்டிலோ கல் கீழேயிருந்து எழும்பி எழும்பி அடிக்கும். மட்காட் இரண்டும் கறள் பிடித்துப் பப்படமாக நொறுங்கின. இருக்கைக்குக் கீழே தகரம் ஓட்டை விழுந்து, சேற்றுத் தண்ணீர் பீறி மகளின் வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பாகிவிட்டது. அன்று அவள் வகுப்புக்குப் போகாமல் களஞ்சியத்து மூட்டைகளுக்குப் பின்னால் இருந்துவிட்டு வந்தாள். அவருக்கு அது பொறுக்கவில்லை. காரின் உடம்பை முழுக்க மாற்றுவது என்று வெளிக்கிட்டார்.

கிளிநொச்சியில் தகரம் தட்டி ஒட்டுகிறவர் ஒருவர் இருந்தார். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டில் அடிபட்டு, பிள்ளை குட்டிகளோடு வன்னிக்கு வந்து, பிழைக்க வழியில்லாமல் முதலில் காடு வெட்டி, பிறகு பழைய தொழிலுக்குத் திரும்பியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். முற்றத்தில் காரை நிறுத்தி வைத்து, இவரும் அவரும் மகளும் கூடிக் கதைப்பார்கள். கலியாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்கக் கூட அவ்வளவு நேரம் எடுத்திருக்காது. தேத்தண்ணி போட்டுப் போட்டு என் கை ஓய்ந்துவிடும்.

பந்தயக் கார்களுக்கென்றே கொழும்பில் பைபர் மட்காட் விற்கிறார்களாம், பாரமில்லை, கறளும் பிடிக்காது. என் கணவருக்கு அதில் ஆசை. தகரக்காரர் தலையை ஆட்டினார்.

"துருப் பிடிக்காதுங்க, சரி. ஆனா இந்த ஊரு மாடு ஒன்னு முட்டிச்சின்னா பீங்கான் மாதிரி ஒடஞ்சிரும். அப்புறம் ஒட்டவும் முடியாது, தட்டவும் முடியாது. தார்ப் பீப்பாத் தகரத்துல செஞ்சி குடுத்திர்றேன். நெளிஞ்சா நானே தட்டி நிமித்திர்றேன்."

அப்படித்தான் தார்ப் பீப்பாய் மட்காட் ஆயிற்று. முன்பக்கம் மினுங்கிக்கொண்டிருந்த பம்பரைக் கழற்றிவிட்டு, தண்ணீர்ப் பம்பின் இரும்புக் குழாயை வளைத்துப் போட்டார்கள். சில்லுகளுக்குப் பின்னால் லொறி ரயர் வெட்டித் தொங்கவிட்டார்கள், சேறு மேலே தெறிக்காமல். அடிப்பக்கம் முழுக்க ஒரு பழைய லொறியின் தடித்த இரும்புத் தகடு. அதற்கு மேல் தாரும் எரிந்த ஒயிலும் கலந்து பூச்சு. இப்போது எந்தக் கல் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும் என்று என் கணவர் தகட்டில் தட்டிக் காட்டினார். கோவில் மணி மாதிரிக் கேட்டது.

அதிலும் ஒரு பிழை வந்தது. எங்கள் ஆட்கள் சூடடித்த வைக்கோலை ரோட்டில்தான் காயப் போடுவார்கள். மற்ற வாகனங்கள் அதன் மேலால் போய்விடும். பதிந்த இந்தக் கார் போகும்போது வைக்கோல் தகட்டுக்கும் சைலென்சருக்கும் நடுவில் அள்ளுப்பட்டுப் புகையத் தொடங்கிவிட்டது. நடுரோட்டில் காரை நிறுத்தி, மகளை இறக்கிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்கால் தண்ணீரை அள்ளி ஊற்றியிருக்கிறார். பின்னேரம் இரண்டு பேரும் கரி முகத்தோடு வந்து நின்று என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வாரமே தகட்டில் துவாரங்கள் போட்டு, இடைவெளியையும் கூட்டினார்கள்.

கடைசியாகக் கூரை. தகரக் கூரை போடலாம் என்றார் தகரக்காரர். வன்னி வெயிலில் பிள்ளை உள்ளே அவிந்துபோவாள் என்றார் என் கணவர். கன்வஸ் என்றால் நல்ல நாளில் மடித்துவிடலாம், குளத்துக் காற்று வரும் என்றாள் மகள். கன்வஸ்தான் என்று முடிவாயிற்று. எங்களுக்கு வருகிற அடியெல்லாம் கீழேயிருந்துதான் வரும் என்று அப்போது மூன்று பேரும் நம்பினார்கள். நானும்தான். யாருக்கு என்ன தெரியும்?

கார் ஓடியது. வருடக்கணக்காக ஓடியது. மகள் ஓ.எல். பாஸ் பண்ணி, பல்கலைக்கழகத்துக்கு எடுபட எழுதவேண்டிய ஏ.எல். படிக்கத் தொடங்கினாள். சிரித்த ஊர் பிறகு, "அந்த நீலக் கார் போயிட்டுது, எட்டு மணி ஆகுது" என்று நேரம் பார்க்கப் பழகிவிட்டது.

அதற்குப் பிறகு சண்டை வந்து காலம் கெட்டது. ரோட்டில் நல்ல வாகனம் ஒன்று ஓடினால் யாராவது வந்து கேட்பார்கள். ஒருநாள் இந்தப் பக்கத்தார், இன்னொருநாள் அந்தப் பக்கத்தார். கேட்டால் கொடுக்க வேண்டும், கொடுத்தால் திரும்பாது. ஆகவே வாகனம் வைத்திருந்த எல்லோரும் அதைச் சாகடித்து வைத்தார்கள். சில்லைக் கழற்றிக் கிணற்றடி மண்ணுக்குள் தாட்டார்கள், கதவைச் சுத்தியலால் நெளித்தார்கள், பொனற்றுக்குள் கோழியை அடைத்தார்கள். எங்கள் குடியேற்றத்தில் அப்படி நல்ல வான் ஒன்று, உழவு மெசின் ஒன்று, எல்லாம் பிணம் மாதிரிக் கல்லுக்கு மேல் ஏறிக் குந்தியிருந்தன.

"இஞ்சாருங்கோ, நீங்களும் கழட்டி வையுங்கோ. பிள்ளை வீட்டில இருந்து படிக்கட்டும்" என்று நான் கெஞ்சினேன்.

"சோதினை முடியட்டும். முடிஞ்ச அண்டைக்கே நானே கழட்டி வைக்கிறன்."

ஹெலி வந்து மேலேயிருந்து சுடத் தொடங்கிய பிறகு, ஓடுகிற வாகனங்களுக்கு மேலே இலை குழை கட்டுவது வழக்கமாயிற்று. மேலேயிருந்து பார்த்தால் பற்றை போலத் தெரியுமாம். இவரும் சில நாள் கட்டினார். கொப்பு உரசிக் கன்வஸ் நூல் விட்டது என்று பிறகு அவிழ்த்து எறிந்துவிட்டார். புதுக் கன்வஸ் வாங்க வவுனியாவுக்குப் போக முடியாது, மழை வந்தால் பிள்ளை நனைவாள். அவருடைய கணக்கு எல்லாம் பிள்ளையில்தான் வந்து முடியும்.

பரீட்சைக்கு முந்திய வாரம். திங்கட்கிழமை தொடங்க இருந்தது. சிறுபோக அறுவடையில் நின்ற பக்கத்துக் காணிக்காரரைப் புடையன் பாம்பு தீண்டிவிட்டது. ஊரில் ஓடக்கூடியது எங்கள் கார் ஒன்றுதான். அவருடைய மனைவி தலைவிரிகோலமாக ஓடிவந்து, "அண்ணை, உங்களை விட்டா ஆரும் இல்லை அண்ணை" என்று படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர் சாப்பாட்டுக் கோப்பையில் கை கழுவிவிட்டு எழும்பினார். மகள் உட்காருகிற இடத்தில் அந்த மனிதரைச் சாய்த்து இருத்தி, மகளின் தாவணியால் காலில் கட்டுப் போட்டுக் கொண்டுபோனார். அந்தக் கிரவலில் அவ்வளவு வேகமாக வேறு எதுவும் போயிருக்காது. ஆள் தப்பியதற்கு அந்த வேகம்தான் காரணம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

இவர் தனியாகத் திரும்பி வந்திருக்கிறார். குளத்துக்குக் கிட்ட மரமில்லாத வயல்வெளி. வயலில் நின்றவர்கள் ஹெலிச் சத்தம் கேட்டு வாய்க்காலுக்குள் குதித்துவிட்டார்கள். கார் மரங்களை நோக்கி ஓடியதைப் பார்த்திருக்கிறார்கள். பின்னால் எழும்பிய செம்புழுதியே அது எங்கே போகிறது என்று காட்டிக் கொடுத்துவிட்டது என்றார்கள். ஹெலி ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது. அவ்வளவுதான். இதற்கு மேல் என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள்.

தகரக்காரர்தான் மாட்டு வண்டி கொண்டுபோய் அவரை எடுத்து வந்தார். முற்றத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"அக்கா, கீழ ஒரு கீறல் இல்லக்கா. நாங்க போட்டது அப்படியே இருக்குக்கா. எல்லாம் மேல வந்துதான் பட்டிருக்கு."

அந்த நேரத்தில் அதைச் சொன்னாரே என்று அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பாவம், அவருக்குத் தெரிந்த துக்கம் அப்படித்தான் வெளியே வந்தது. தகரக் கூரை போட்டிருந்தாலும் துவக்குச் சன்னம் தகரத்துக்கு நிற்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? இரவில் படுத்தால் அந்தக் கன்வஸைத்தான் நினைப்பேன்.

துடக்கு வீட்டுப் பிள்ளை, செத்தவீடு ஆறவில்லை, பரீட்சைக்குப் போகக்கூடாது என்றார்கள் இவருடைய சொந்தக்காரர்கள். "அவர் எதுக்காகச் செத்தவர் எண்டு தெரியுமோ உங்களுக்கு?" என்று நான் சத்தம் போட்டேன். பாம்பு தீண்டிய மனிதர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். கால் இன்னும் வீங்கித்தான் இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, பிள்ளையை நான் கொண்டுபோறன்" என்று சொல்லிவிட்டுப் போய், தாட்டு வைத்திருந்த உழவு மெசின் சில்லைக் கிண்டி எடுத்துப் பூட்டினார்.

திங்கட்கிழமை விடிய மெசின் பின்னால் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து படலையில் நின்றது. ஏற முடியாத உயரம். வளர்ந்த பெண் பிள்ளையை இரண்டு ஆண்கள் கைகொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று. பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். நானும் ஏறி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வயல்வெளி வந்ததும், "அம்மா, வீட்டை திரும்புவம். என்னால ஏலாது" என்றாள். "வாயை மூடிக்கொண்டு இரு" என்று ஏசினேன். ஏசிக்கொண்டே நானும் அழுதேன். வீதியோரத்தில் அது கிடந்தது. இரண்டு பேரும் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

எழுதினாள். நடுவில் ஒருநாள் ரோட்டை மூடிவிட்டார்கள், அந்தப் பாடம் எழுதக் கிடைக்கவில்லை. பரீட்சை முடிந்ததும் மெசின் சில்லு திரும்பவும் மண்ணுக்குள் போய்விட்டது. எழுதிய பாடமெல்லாம் பாஸ். ஒன்று குறைந்ததால் பல்கலைக்கழகம் இல்லை.

முடிவு வந்த அன்று அவள் அழவில்லை. குசினி வாசலில் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மனதைத் தேற்றிக்கொண்டு நான்தான் போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

"அடுத்த வருசம் திரும்ப எடுக்கலாம் பிள்ளை. ஒரு பாடம்தானே விட்டுப்போச்சு. வகுப்புக்குப் போய்ப் படிச்சியெண்டா கட்டாயம் கிடைக்கும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதில் கோபமோ குறையோ இல்லை. உண்மையாகவே வழி தெரியாத பிள்ளை போலத்தான் கேட்டாள்.

"ஓம் அம்மா, படிக்கிறன். ஆனா ஆர் என்னை ஏத்திக்கொண்டு போறது?"