பதினோரு ஒன்றுகள்

விழுப்புரத்தில் தோழி வீட்டுக்குப் போகும்போது லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. மாடி எண் காட்டும் இடத்தில் 11 என்று சிவப்பாக உறைந்திருந்தது. அந்தக் கட்டடத்தில் ஆறு மாடிதான்!

சட்டென்று திண்டிவனத்து வீட்டில் வேர்க்கடலை மூட்டைகள் அடுக்கிய மல்லாட்டை அறை ஞாபகம் வந்தது. காலேஜுக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்த அக்காவை, மாப்பிள்ளை வீட்டார் வரும்வரை அப்பா அதற்குள் வைத்துப் பூட்டினார். துணைக்கு நான். தகரக் கூரை கொதித்தது. மல்லாட்டைத் தூசியில் தும்மித் தும்மி அழுதேன். என் அழுகையை நிறுத்த அக்கா சுவரில் கரியால் வரிசையாகப் பதினோரு ஒன்று எழுதினாள்.

"இத மீதியில்லாம வகுக்கிற நம்பரக் கண்டுபுடிடி."

ஏழால் வகுத்தேன். பதிமூன்றால் வகுத்தேன். எல்லாவற்றுக்கும் மீதி வந்தது.

"போக்கா, இது பகா எண்ணு. சும்மா பேஜாரு பண்ணாத."

"இல்லடி. உள்ள ரெண்டு பகா எண்ணு மாட்டிக்கினு இருக்குதுன்னு கணக்கு சாரு சொன்னாரு."

"நம்பள மாதிரியா?"

சாயங்காலம் கதவைத் திறந்து அக்காவுக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டார்கள்.

லிஃப்டுக்குள் நின்றபடியே போனில் கணக்குப் போட்டேன். 21649, 513239. இரண்டையும் பெருக்கினால் அதே பதினோரு ஒன்று! கரித்துண்டை வைத்துக்கொண்டு எங்கே கண்டுபிடிப்பது? வளவனூரில் வாழ்க்கைப்பட்ட அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, சுவத்துல எழுதினியே, அந்த ரெண்டு நம்பரும் கெடைச்சிடுச்சு!"



"அதுங்களாவது வெளிய வந்துச்சே," என்றாள். பின்னால் மாமாவின் குரல் கேட்டது. போனை வைத்துவிட்டாள்.