குறிப்பில்லாமல் திருப்பதியில் பேசிவிட்டு வந்தேன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போய்வந்தேன். தரிசனத்துக்கு அல்ல, பேசுவதற்கு. அங்கே தமிழ்ச் சபை ஒன்றைச் சேர்ந்த, பணி ஓய்வு பெற்ற சிலர் வலைப்பதிவு எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். யாரும் படிப்பதில்லையாம். வாசகரை வரவழைப்பது எப்படி என்று நான் சொல்லித் தர வேண்டும். என் பதிவுகளுக்கே வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான் (அதில் என் மகளும் உண்டு). மறுக்கத் தைரியமில்லாமல் ஒப்புக்கொண்டு, பன்னிரண்டு பக்கம் குறிப்பு எழுதினேன்.

காலை ஏழரைக்குச் சித்தூரில் பேருந்து ஏறினேன். சுமார் எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சந்திரகிரிக்குச் சற்று முன்னால் ஓர் ஓட்டலில் வண்டி பத்து நிமிடம் நின்றது. கழிப்பறை வரிசையில் மூன்று பேர் அவசரம் என்றார்கள். மூவருக்கும் வழிவிட்டேன். நான் வெளியே வந்தபோது பேருந்து சாலையில் ஏறிவிட்டிருந்தது. பை பேருந்தில், குறிப்பு பையில்.

அங்கிருந்து திருப்பதிக்கு ஆட்டோ முந்நூறு ரூபாய். ஓட்டுநர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமத்துக்காரர், தமிழ் பேசினார்.

"பஸ்ஸு போய்க்கினு இருந்தா கத்தறதுதான சார்?"

"கத்திப் பழக்கமில்லை."

"அது சரி. மீட்டிங்ல பேசப் போறேன்றீங்க. அங்க மட்டும் வாய் தொறக்குமா?"

அதையேதான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். சந்திரகிரிக் கோட்டை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

சபைக் கூடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். தலைப்பு, படங்கள், பத்திகளின் நீளம் என்று நினைவில் இருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். ஒருவர் கொட்டாவி விட்டார். அடுத்தது மறந்துபோய், தலைப்பைப் பற்றியே மறுபடியும் சொல்லத் தொடங்கினேன். முன்வரிசையில் இருந்த எஸ்தர் அம்மா, ஓய்வுபெற்ற செவிலியர், கேட்டார்:

"அது கெடக்கட்டும் சார். ஏன் லேட்டு? மூஞ்செல்லாம் வேத்துக்கினு வந்தீங்களே, இன்னா ஆச்சு?"

சொன்னேன். கழிப்பறை வரிசையையும் சொன்னேன், ஆட்டோக்காரர் கேட்டதையும் சொன்னேன். கொட்டாவி விட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூணு பேருக்கா வழி வுட்டீங்க? நல்ல மனுசன் போங்க!" என்று சிரித்தார்.

"அப்பறம்? பை கெடச்சுதா?" இது எஸ்தர் அம்மா.

"இன்னும் போய்ப் பார்க்கவில்லை."

"அய்யோ! அது தெரியாம நான் எப்டி வூட்டுக்குப் போவேன்?"

அப்போதுதான் எனக்குச் சொல்ல ஏதோ கிடைத்தது. "அம்மா, நீங்கள் கடைசியாக எதைப் பற்றி எழுதினீர்கள்?"

"'நீரிழிவும் நாமும்'. எங்க வூட்டுக்காரரே படிக்கல."

"வேறென்ன நடந்தது வீட்டில்?"

"அவருதான் சுகரை வெச்சிக்கினு, லட்டு திருடித் துன்னு மாட்டிக்கினாரு."

கூடமே சிரித்தது. "எங்கே ஒளித்துவைத்திருந்தார்?" என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அதை எழுதுங்கள் என்றேன். மதியம் வரை ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

பிறகு எஸ்தர் அம்மாவும் கூடவே பேருந்து நிலையம் வந்தார். நடத்துநர் பையை விசாரணை அறையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

இந்த வழியில் வருகிறவர்கள் பையைக் கையோடு வைத்திருங்கள், வண்டி எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சந்திரகிரிக்குத் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள். அதைப் பற்றிப் பதிவு எழுதினால் கோட்டையின் வரலாற்றுக்கு முன்னால் அங்கே உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று எழுதுங்கள். என்னைப்போல் மேடைக்கு அஞ்சுகிறவர்களுக்கும் ஒன்று: எதிரில் ஒருவர் "அப்பறம்?" என்று கேட்டுவிட்டால் போதும், அதற்குப் பதில் சொல்வதற்குள் பயம் மறந்துவிடுகிறது.