முகுந்தன் இரண்டாம் முறை கேட்டது

லோகேஸ்வரி பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்பவள். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து போவாள். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டிய முகுந்தனுக்கும் அவளுக்கும் நிச்சயமாகிச் சில மாதங்களில் அவன் மோட்டார் சைக்கிள் ஒரு லோரியில் மோதியது. உயிர் பிழைத்தான். கைகால் நன்றாகவே இருந்தன. ஆள்தான் மாறிப்போனான்.

முன்பு அதிகம் பேசமாட்டான். சொன்னால் சொன்னபடி வந்து நிற்பான். இப்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதி வழியில் வேறெங்காவது போய்விடுவான். சாப்பாடு தாமதமானதற்குக் கடையில் கத்தினான். சற்று நேரத்தில் எதற்கோ கண்ணீர் வரச் சிரித்தான்.

"மூளையோட முன்பக்கம் அடிபட்டிருக்கு," என்றார் மருத்துவர். "நெனச்சத மனசுல பிடிச்சு வச்சுக்கிறது, கோபத்த அடக்குறது, இதுக்கெல்லாம் அந்தப் பக்கம் வேணும். பாசம் போயிடுச்சுன்னு நெனைக்காதீங்க. அதுக்கு ஏத்த மாதிரி நடந்துக்கிறதுதான் அவருக்குக் கஷ்டம். கொஞ்சம் தேறும். முழுசா பழையபடி ஆவாருன்னு சொல்ல முடியாது."

"நிச்சயம்தானே லா, கல்யாணம் இல்லையே. யோசி," என்றாள் அக்கா மலர்விழி. லோகேஸ்வரிக்குக் கோபம் வரவில்லை. அவளும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிறு மாலை முகுந்தனே நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினான். "நீ சரின்னு சொன்னது பழைய முகுந்தனுக்கு. அவன் இனி வரமாட்டான் போல. இத வச்சு உன்னப் பிடிச்சு வைக்கக்கூடாது."

அவள் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போய், இறந்தவனுக்கு அழுவதுபோல அந்தப் பழையவனுக்காக அழுது தீர்த்தாள். பிறகு எந்த வாக்கும் கொடுக்காமல், புதிதாக ஒருவனோடு பழகுவதுபோல, அவனைப் பார்க்கப் போனாள். சொன்ன இடத்துக்கு அவன் வராமல் போனால் அடுத்த முறை திட்டினாள். அவனும் போனில் அலாரம் வைக்கப் பழகினான். கோபம் ஏறினால் எழுந்து வெளியே போய் நின்றான். மனதில் பட்டதை மறைக்கவும் அவனுக்கு இப்போது தெரியவில்லை. "நீ வரலன்னா எனக்குப் பயமா இருக்கு," என்றான் ஒருநாள். பழையவன் அப்படி ஒன்றைச் சொன்னதே இல்லை.

ஒரு வருடத்துக்கும் மேல் இப்படிப் போனது. ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் கேட்டான்: "என்னைக் கட்டிக்கிறியா? எல்லா நாளும் நல்லா இருப்பேன்னு சத்தியம் பண்ண முடியாது."

"எல்லா நாளும் நானும் நல்லா இருக்க மாட்டேன்," என்றாள். "சரி."

பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். முகுந்தன் இப்போது ஒரு செடி நர்சரியில் வேலை செய்கிறான். சில வாரங்கள் நன்றாகப் போகின்றன. கத்தல் அதிகமாகிவிட்டால் லோகேஸ்வரி துணிப்பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவாள். வந்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும்.