டயரின் உட்பக்கம்

எழுபதுகளில், இறக்குமதித் தடையால், இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் புது டயர் கிடைக்காது. ஜீப்பின் முன் டயர் உட்பக்கமாகத் தேய்ந்து ஸ்டியரிங் உதறினால், டிரைவர் அண்ணன் அதைப் பின்னால் மாட்டிவிட்டுப் பின் டயரை முன்னால் போடுவார். உதறல் நின்றுவிடும்.

பிரசவ வலியோடு என்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, பண்டாரவளை தாண்டிய இறக்கத்தில் ஜீப்பே நடுங்கியது. மாற்றிப் போட்ட டயரும் உட்பக்கம் தேய்ந்து, ரப்பருக்குள் இருக்கும் நூல் தெரிந்தது. அண்ணன் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை அசைத்தார்; கடகடவென ஆடியது.

"டயர்ல கோளாறு இல்லம்மா, பேரிங் போயிருச்சு. இனி ஓட்டுனா சக்கரமே கழண்டுரும்."

என் கணவர் மழையில் கைகாட்டியும் ஒரு வண்டியும் நிற்கவில்லை. பின்சீட்டிலேயே மகள் பிறந்தாள். அவள் அழுத பிறகுதான் நாங்கள் மூச்சுவிட்டோம்.

இன்றும் எந்த வண்டியில் ஏறும் முன்பும் குனிந்து, முன் டயரின் உட்பக்கத்தைத் தடவிப் பார்ப்பேன். நான் சாமி கும்பிடுவதாக நினைத்து, டிரைவர்கள் மரியாதையாகக் காத்திருக்கிறார்கள்.