துட்டி வீட்டில் சொல்லக் கூடாத சொல்

லோகநாயகிக்கு வாய் நீளம் என்று தென்காசியில் அவள் தெருவே சொல்லும். சொல்லட்டுமே! போன மாசம் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிக் கொடுத்ததும் அந்த வாய்தான். பழைய கிரேக்கப் போர்க் காவியங்களில் இளைஞர்களுக்கு என்ன பாடம் இருக்கிறது என்பது தலைப்பு. அவள் வெளுத்து வாங்கிவிட்டாள்.

“தலைவன் மரியாதையைக் குறைத்துவிட்டான் என்று ஒரு மகாவீரன் போருக்குப் போகாமல் கூடாரத்துக்குள் உட்கார்ந்துகொண்டான். அவன் ரோஷம் தணியுமுன் உயிர்த் தோழன் செத்துப்போனான். கடைசியில், தான் கொன்றவனின் அப்பன் வந்து மகன் உடலைக் கேட்டபோது இருவரும் சேர்ந்து அழுதார்கள். சேர்ந்து அழத் தெரியாதவனுக்கு வீரம் எதற்கு?”

முன்வரிசையில் இருந்து கைதட்டியவர் அவள் அப்பா காந்திமதிநாதன். கோப்பையை நடுவீட்டில் வைத்து, வந்தவன் போனவனுக்கெல்லாம் காட்டினார். மனுஷருக்குப் பேச்சு காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை.

அவரும் ஒரு கூடாரத்துக்குள்தான் இருந்தார். லோகநாயகி சின்னப் பிள்ளையாக இருந்தபோது பண்பொழி மலைக்கோயில் திருவிழாவில் அந்த வருஷ முறைப்படி அவருக்குச் சேரவேண்டிய முதல் பரிவட்டத்தை அண்ணன் சண்முகநாதன் தலையில் கட்டிவிட்டார்கள். அண்ணனும் மறுக்காமல் தலையைக் குனிந்தார். ஒரு முழத் துணி! அன்றோடு பேச்சு வார்த்தை அறுந்தது. குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருந்த பெரியப்பா, அவளைத் தோளில் தூக்கிப்போய் அருவியில் குளிப்பாட்டிய பெரியப்பா, அந்த வீட்டில் ‘அந்த ஆள்’ ஆகிப்போனார்.

இந்தச் சீசனில், சாரல் விடாமல் அடித்த ஒரு காலையில், அவர் மாரடைப்பில் போய்விட்டார்.

“அங்க துட்டி கேக்க இங்கனருந்து ஒரு ஈ காக்கா போகக் கூடாது. அவனுக்கும் நமக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல,” என்றார் அப்பா.

லோகநாயகி பூஜை அறையைப் பார்த்தாள். நாள் தவறாமல் எரியும் விளக்கு இருட்டிக் கிடந்தது.

“ஏம்ப்பா, வெளக்கு ஏத்தலையா?”

“தீட்டுல்லா? பங்காளி செத்துக் கெடக்கும்போது எப்படி ஏத்த?”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

“ஒறவு இல்லன்னா தீட்டு மட்டும் எங்கனருந்து வந்துச்சு?” தீப்பெட்டியை அவர் முன்னால் நீட்டினாள். “இந்தாங்க, ஏத்துங்க. ஏத்திட்டா நான் போகல.”

அவர் கை தீப்பெட்டிக்கு வரவில்லை.

“ஏட்டி, வாசல் தாண்டுனா திரும்பி வராத!”

“வருவேன். இது என் வீடு.”

ஸ்கூட்டியை எடுத்தாள். வழியெல்லாம் அருவிக்குப் போகும் கூட்டம், தலையில் துண்டோடு. நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தபோது துட்டி வீட்டில் ஒப்பாரி சட்டென்று நின்றது. யாரும் ‘வா’ என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்லவும் மாட்டார்கள். பெரியப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா முத்துவடிவு கடைசியில் கேட்டாள்:

“ஒங்க அப்பன் வரலையா? இப்ப எடுத்துருவாவளே.”

லோகநாயகி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “போயிட்டு வாரேன் பெரியம்மா.”

பெண்கள் பதறிப்போனார்கள். துட்டி வீட்டிலிருந்து சொல்லாமல்தான் கிளம்ப வேண்டும். ‘வாரேன்’ என்றால் இன்னொரு சாவையும் கூப்பிட்டதாக அர்த்தம். “அட கோட்டிக்காரி, என்ன சொல்லுத நீ!” என்று ஒருத்தி அவள் வாயைப் பொத்த வந்தாள்.

வாய் தவறித்தான் வந்தது. ஆனால் அவள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

“ஆமா, சொல்லுதேன். போயிட்டு வாரேன். எங்க அப்பாவையும் கூட்டிட்டு வாரேன். அதுவரைக்கும் எடுக்கக் கூடாது.”

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள்.

“சீக்கிரம் வாட்டி,” என்றாள் முத்துவடிவு.

தென்காசியில் அப்பா சாரலில் நனைந்தபடி வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

“அண்ணன எடுத்துட்டாங்களா?”

அந்த வார்த்தை அவர் வாயில் வந்து எத்தனை வருஷம்!

“இல்ல. ஒங்களுக்காக எடுக்காமப் போட்டிருக்காங்க.”

செருப்பைக்கூடத் தேடாமல் அவர் ஸ்கூட்டியின் பின்னால் ஏறினார்.