லேப்டாப் கடையில் நான் கேட்காத கேள்வி

போன வாரம் மல்லசமுத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குப் போயிருந்தேன். நண்பர் முத்துசாமியின் பண்ணை. கேட்டைத் தாண்டியதும் தரையில் ஒரு தொட்டி – மருந்து கலந்த தண்ணீர். அதில் கால் நனைக்காமல் யாரும் உள்ளே போக முடியாது. தீவன லாரி வந்தால் டயருக்கு மருந்தடிப்பார்கள். வெளியே போய்வந்த முட்டைத் தட்டுகளைக் கழுவாமல் சேர்க்க மாட்டார்கள். சொந்த மச்சானே வந்தாலும், ‘உங்க பண்ணையில இருந்து நேரா வாரீங்களா?’ என்று விசாரித்த பிறகுதான் ‘வாங்க’ என்பார்.

இவ்வளவு உஷாரான மனிதரின் லேப்டாப்பில்தான் சீக்கு விழுந்துவிட்டது.

நாலு மாதம் முன்பு அதை வாங்க நாமக்கல்லுக்கு அவரோடு போனவன் நான். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஊரில் ஒரு பேர் – நானே கிளப்பிவிட்டது. ரேம் எவ்வளவு? பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும்? சர்வீஸ் இங்கேயே உண்டா, சேலத்துக்கு அலைய வேண்டுமா? மவுஸ் ஃப்ரீதானே? கடைக்காரர் களைத்தே போய்விட்டார். முத்துசாமி என்னைப் பெருமையாகப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்ததும் உண்மை.

அவரிடம் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ‘எதுக்குங்க லேப்டாப்?’

‘பண்ணைக்குத்தானுங்க.’

அதோடு விட்டுவிட்டேன்.

பண்ணைக்கு மட்டுமில்லை. அவர் மனைவி சரசு புற்றுநோயில் போய் ஒரு வருஷம் ஆகிறது. செல்போனுக்கு அனுமதியில்லாத ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகளுக்காக, கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தபடியே போனில் பேசிப் பேசி வீடியோ எடுத்து வைத்திருந்தாராம். அரிசிம்பருப்புச் சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர்... ‘கண்ணு, ஈரத்தலையோட படுக்காத’... இப்படிப் பத்துப் பதினைந்து. எல்லாவற்றையும் முத்துசாமி புது லேப்டாப்பில் ஏற்றினார். ‘அதான் பெருசுல ஏத்தியாச்சுல்லங்க’ என்று, பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார்.

அப்புறம் வந்தது அந்த பென்டிரைவ். தீவனத்தில் மக்காச்சோளம் எத்தனை, சோயா எத்தனை என்று சொல்லும் சாஃப்ட்வேர் – பண்ணை பண்ணையாக ஓசியில் சுற்றிக்கொண்டிருந்த காப்பி. கொண்டுவந்தவர் மச்சான். தொட்டியில் காலை நன்றாக நனைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பென்டிரைவ் அவர் சட்டைப் பையில் இருந்தது.

ஆன்டிவைரஸ் தடுத்திருக்கிறது. ‘அதை ஆஃப் பண்ணிப் போடுங்க, எல்லாரும் அப்படித்தான்’ என்றாராம் மச்சான். குஞ்சு இறங்கிய நாள் முதல் தேதி தவறாமல் தடுப்பூசி போடுகிற மனிதர்... ஆஃப் செய்துவிட்டார்.

மறுநாள் காலை எந்த ஃபைலும் திறக்கவில்லை. திரையில் இங்கிலீஷில் மிரட்டல் – பணம் அனுப்பு, திறந்துவிடுகிறோம். அனுப்பினாலும் திறப்பார்கள் என்று நிச்சயமில்லை என்றார்கள் போலீஸில். சேலத்து சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிட்டார்கள்.

‘தீவனக் கணக்குப் போனாப் போகுதுங்க, அது எனக்கு மனப்பாடம்’ என்றார் முத்துசாமி. ‘அவ பேச்சுதானுங்க...’

‘வேற எங்கயாவது ஒரு காப்பி...?’

‘ஒண்ணு இருந்தாப் போதும்னு நெனச்சனுங்க.’

எனக்கு என் மேல்தான் ஆத்திரம் வந்தது. எல்லாக் கோழியையும் ஒரே ஷெட்டில் அடைக்காதவர் அவர். ஒன்றில் சீக்கு வந்தால் மற்றதாவது தப்பட்டும் என்று நாலாகப் பிரித்து வைத்திருக்கிறார். இந்த லேப்டாப்பில் எதை வைக்கப்போகிறீர்கள்? அது போனால் திரும்பக் கிடைக்குமா? இன்னொரு ஷெட் எங்கே? அவருடைய பாஷையிலேயே கேட்டிருக்கலாம். ஃப்ரீ மவுஸுக்கு மல்லுக்கட்டிய நேரத்தில் பாதி ஆகியிருக்குமா? அந்தக் கடையிலேயே பக்கத்து அலமாரியில் ஹார்ட் டிஸ்க் அடுக்கி வைத்திருந்தார்கள். பார்த்தேன். வாங்கச் சொல்லவில்லை.

நீங்கள் கடைக்குக் கிளம்புகிறீர்களா? ரேமை அப்புறம் விசாரியுங்கள்.

மகளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. வருகிற ஞாயிறு ஹாஸ்டலில் இருந்து வருகிறாள். ஊட்டுக்குள் வந்ததும் பையைக்கூட இறக்காமல் அம்மா வீடியோவைத்தான் போடச் சொல்வாளாம்.

‘பாப்பாகிட்ட எப்படிங்க சொல்றது? நீங்களும் வாரீங்களா?’

வாரேன் என்றேன். கடைக்கு அவரோடு போனவன் நான்தானே.